கேள்வி பதில்: பழைய காரின் விலை எந்த இடத்தில் ஏறுகிறது?

பயன்படுத்திய கார் வாங்குவது பற்றி எழுதுமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் கேட்டவர்கள் சிலரே. பெரும்பாலோர் கேட்டிருப்பது விலையைப் பற்றித்தான்: அது எப்படிச் சொல்லப்படுகிறது, எப்படி மாறுகிறது, கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகு ஏன் மனம் ஒப்பவில்லை என்று. ஒத்த கேள்விகளைச் சேர்த்து, தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: விளம்பரத்தில் கண்ட விலை எனக்குக் கட்டுப்படியாகும் என்பதால்தான் அந்த விற்பனை நிலையத்துக்குப் போனேன். காரை ஓட்டிப் பார்த்து, வாங்குவதென்று முடிவு செய்த பிறகு, ஆவணக் கட்டணம், காரைத் தயார் செய்த கட்டணம், வண்ணப் பாதுகாப்புப் பூச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தொகை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை. இது முறையான வியாபாரமா?

முறையானது அல்ல. நீங்கள் எழுந்து வராததும் உங்கள் பலவீனம் அல்ல. அந்தக் கட்டணங்கள் எப்போது சொல்லப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். விளம்பரத்திலும் சொல்லவில்லை, தொலைபேசியிலும் சொல்லவில்லை, நீங்கள் உள்ளே நுழைந்தபோதும் சொல்லவில்லை. பாதி நாளைச் செலவிட்டு, காரை மனத்தளவில் உங்களுடையதாக ஏற்றுக்கொண்ட பிறகே சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையில் திரும்பி வருவதென்றால், செலவிட்ட நேரத்தையும் தேடிய அலைச்சலையும் இழந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விற்பவருக்குத் தெரியும். காரின் விலையோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு கட்டணமும் சிறியதாகத் தோன்றுவதும் அவருக்குச் சாதகம். தனியாகக் கேட்டால் கொடுக்கத் தயங்கும் ஒரு தொகையை, பெரிய தொகையின் ஓரத்தில் வைத்துக் காட்டும்போது நாம் பெரிதாக எண்ணுவதில்லை.

இதில் உங்களைத் தவிர இன்னொருவரும் பாதிக்கப்படுகிறார். எல்லாச் செலவையும் முதலிலேயே சேர்த்து விலை சொல்லும் நேர்மையான வணிகரின் விளம்பரம், மறைத்துச் சொல்பவரின் விளம்பரத்துக்குப் பக்கத்தில் விலை கூடியதாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் அவரிடம் போவதே இல்லை. இந்தக் காரணத்தால்தான் சில நாடுகள் இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் விதியாக்கின. ஜப்பானில் 2023 அக்டோபர் முதல், பயன்படுத்திய காரின் விளம்பரத்தில் தவிர்க்க முடியாத செலவுகளையும் சேர்த்த மொத்தத் தொகையைக் காட்ட வேண்டும் என்பது அத்துறையின் விதி. பிரிட்டனில் 2024ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், கட்டாயக் கட்டணத்தை விட்டுவிட்டு விலை அறிவிப்பதைத் தடை செய்தது. அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை நிலையங்களுக்கென்றே இத்தகைய விதி ஒன்றை 2023 டிசம்பரில் அரசு அமைப்பு இறுதி செய்தது. ஆனால் அதை உருவாக்கிய நடைமுறையில் குறை இருப்பதாகக் கூறி, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, “காரை என் பெயருக்கு மாற்றி, சாவி என் கைக்கு வரும்வரை ஆகும் மொத்தத் தொகை என்ன? அதை எழுத்தில் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். நேரில் வந்தால் சொல்கிறோம் என்பார்கள். எழுதித் தராத இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: காரின் விலையை எத்தனை முறை கேட்டாலும், விற்பனையாளர் “மாதம் எவ்வளவு கட்ட முடியும் உங்களால்?” என்ற கேள்விக்கே திரும்பத் திரும்ப வருகிறார். நான் ஒரு தொகையைச் சொன்னேன். சொன்னபடியே தவணையை அமைத்துக் கொடுத்தார். இதில் எனக்கு நஷ்டம் உண்டா?

இருக்கவே அதிக வாய்ப்பு. மற்ற கேள்விகளைவிட இதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மக்கள் பெரிய தொகையை இழக்கும் இடம் பெரும்பாலும் காரின் விலை அல்ல, கடன்தான்.

மாதத் தவணை என்பது விலை, முன்பணம், வட்டி விகிதம், கடன் காலம் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாகும் எண். தவணையை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால், மற்ற நான்கையும் தமக்கு வேண்டியபடி நகர்த்திக்கொள்ளும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். கடன் தொகை 1,00,000 என்றும், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றும், மீதமிருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றே. 36 மாதங்களில் அடைத்தால் தவணை ஏறக்குறைய 3,321, மொத்த வட்டி சுமார் 19,600. அதே கடனை 60 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 2,224 ஆகக் குறைகிறது, வட்டியோ 33,500ஐ நெருங்குகிறது. 84 மாதங்கள் என்றால் தவணை 1,765 மட்டுமே. ஆனால் வட்டியாக மட்டும் 48,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள். தவணை இறங்க இறங்க முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர், மொத்தத்தில் எவ்வளவு கூடுதலாகக் கட்டப் போகிறார் என்பதை அந்தத் தாளில் எங்கும் பார்ப்பதில்லை.

இத்துடன் நிற்பதில்லை. பயன்படுத்திய கார் ஏற்கெனவே தேய்ந்தது; ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறைந்துகொண்டே போவது. கடன் காலம் நீளும்போது, காரின் சந்தை மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும் காலமும் நீளுகிறது. நடுவில் வேலை போனாலோ, விபத்து நேர்ந்தாலோ, காரை விற்றும் கடனை அடைக்க முடியாது. பழுதுபார்க்கும் செலவுகள் அதிகமாக வரத் தொடங்கும் ஆண்டுகளில்தான் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டி விகிதத்தைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. முழுக் கடனுக்கும் கடைசி மாதம்வரை ஒரே வட்டி போடும் நிலையான வட்டி முறையில் “8 சதவீதம்தான்” என்று சொல்லப்படும் கடன், 5 ஆண்டுக் கடனாக இருந்தால், குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் கணக்கிடும்போது 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. முதலில் வாங்கிய அசலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தப் பகுதிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதே காரணம். ஆகவே, இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். அதைவிட எளிய வழி, தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தத்தைப் பார்ப்பது.

கடனை ஏற்பாடு செய்து தரும் விற்பனை நிலையத்துக்குக் கடன் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வருவது பல நாடுகளில் வழக்கம். சில ஏற்பாடுகளில், உங்களுக்குச் சொல்லும் வட்டி எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு கமிஷன் உயரும். உங்களுக்காகக் கடன் நிறுவனத்திடம் பேசிப் பார்க்கிறேன் என்று உள்ளறைக்குப் போகிறவருக்கே, வட்டி கூடினால் வருமானம் கூடும் என்றால் அவர் யாருக்காகப் பேசுவார்? பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஜனவரி 28 முதல் கார் கடன்களில் இத்தகைய கமிஷன் ஏற்பாட்டைத் தடை செய்தது. அத்தகைய தடை இல்லாத இடங்களில், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உங்களுக்குக் கிடைக்கும் வட்டியை முன்கூட்டியே விசாரித்து, கையில் அந்தத் தாளுடன் போவதுதான் பாதுகாப்பு. விற்பனை நிலையம் அதைவிடக் குறைத்துத் தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

“மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்டால், “தவணையைப் பிறகு பேசலாம், முதலில் காரின் விலையை முடிப்போம்” என்று சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

கேள்வி: என் பழைய காருக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல விலை கொடுத்தார்கள். அதனால் புதிதாக வாங்கும் காரின் விலையைப் பற்றி நான் பேரம் பேசவே இல்லை. சரிதானே?

எக்ஸ்சேஞ்ச் பேரத்தில் இரண்டு விலைகளும் ஒரே கையில் இருக்கின்றன. நீங்கள் வாங்கும் காரை 8 என்றும் உங்கள் காரை 3 என்றும் சொன்னால் நீங்கள் தர வேண்டியது 5. முதலாவதை 7 என்றும் இரண்டாவதை 2 என்றும் சொன்னாலும் தர வேண்டியது 5தான். ஆனால் முதல் வகையில் சொல்லும்போது நமக்கு மகிழ்ச்சி அதிகம், ஏனென்றால் நம் காரை நாம் நேசித்து வைத்திருந்தோம். அதற்கு மதிப்புக் கிடைத்ததாக உணர்கிறோம். வாங்கும் விலையை முடித்து, எழுதி வாங்கிய பிறகே பழைய காரைப் பற்றிப் பேச வேண்டும். வேறு இரண்டு இடங்களில் உங்கள் காருக்கு விலை கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: கண்ணாடியில் ஒரு விலையை எழுதி அடித்துவிட்டு, கீழே குறைந்த விலையை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தள்ளுபடியை நம்பலாமா?

புதிய காருக்குத் தயாரிப்பாளர் அறிவித்த விலை என்று ஒன்று உண்டு. அதிலிருந்து எவ்வளவு குறைத்தார்கள் என்று சொல்ல முடியும். பயன்படுத்திய காருக்கு அப்படி எதுவும் கிடையாது. அடித்துக் காட்டப்பட்ட விலையில் அந்தக் கார் ஒரு நாளாவது விற்பனைக்கு இருந்ததா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆனாலும் அந்த எண் வேலை செய்கிறது. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நிற்கக் கண்டவர்களின் மதிப்பீடு நடுவாக 25. 65இல் நிற்கக் கண்டவர்களின் மதிப்பீடு 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படியிருக்க, நீங்கள் வாங்க வந்த காரின் கண்ணாடியிலேயே எழுதப்பட்ட எண் உங்கள் மதிப்பீட்டை இழுக்காமல் இருக்குமா? அடித்த விலையைப் பார்க்கும் முன்பே, அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய கார்கள் எந்த விலைக்குக் கேட்கப்படுகின்றன என்று பார்த்து, உங்கள் எண்ணை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணிலும் நம் கண் இதேபோல் வழுக்குகிறது. 2.2 கோடிக்கும் மேற்பட்ட மொத்த விற்பனைப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்து 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, 79,900 மைல் முதல் 79,999 மைல் வரை ஓடிய கார்கள், 80,000 மைலைத் தாண்டி அடுத்த நூறு மைலுக்குள் இருக்கும் கார்களைவிடச் சராசரியாக 210 டாலர் அதிகமாக விலைபோயின. அதே கார்களுக்கும் அவற்றுக்கு முந்தைய நூறு மைலில் இருக்கும் கார்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 10 டாலர் மட்டுமே. எஞ்சினின் தேய்மானம் 80,000இல் திடீரென்று மாறிவிடுவதில்லை. வாங்குபவரின் பார்வையில் இதற்கு ஒரு பயன் உண்டு: பத்தாயிரத்தின் எல்லையைச் சற்றே தாண்டிய காரைத் தேடினால், அதே தரத்தைக் குறைந்த விலையில் பெற வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: “இன்று மாலைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்” என்றார்கள். கொடுத்துவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். திருப்பித் தரப்படும் என்றோ தரப்படாது என்றோ எதுவும் எழுதப்படாவிட்டால், தயங்காமல் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். இனி எங்கும், “எந்தக் காரணத்துக்காகவும் திரும்பப் பெறலாம்” என்று எழுதித் தராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேறொருவர் உண்மையிலேயே இருக்கலாம். ஆனால் பயன்படுத்திய கார்களில் அதே போன்ற இன்னொன்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கேள்வி: காரை என் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றேன். “நாங்களே நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்துச் சான்றிதழ் தந்திருக்கிறோம், வெளியே அனுப்புவதில்லை” என்று மறுத்துவிட்டார்கள். சான்றிதழுக்காகவே விலையும் கூடுதல். அந்தச் சான்றிதழ் போதாதா?

போதாது. 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பயன்படுத்திய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர், நல்ல காருக்கும் மோசமான காருக்கும் நடுவிலான ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மீதமிருப்பவற்றின் தரம் குறையும், விலை மேலும் இறங்கும், இன்னும் சிலர் விலகுவார்கள். இந்த ஆய்வுக்காக 2001இல், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாரண்டியும் சான்றிதழும் இந்த அவநம்பிக்கையைப் போக்க வந்தவைதான். நேர்மையாகத் தரப்பட்டால் அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சோதித்தவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது, சான்றிதழின் மதிப்பு அதன் பின்னால் இருக்கும் பொறுப்பைப் பொறுத்தது. எஞ்சினோ கியர்பாக்ஸோ பழுதானால் எத்தனை மாதம்வரை, யார் செலவில் சரிசெய்யப்படும், எவையெல்லாம் அதில் சேராது என்று எழுதப்பட்டிருக்கிறதா? அது இல்லாமல், இத்தனை அம்சங்களைச் சோதித்தோம் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கக் காரணமில்லை. கதவுக் கைப்பிடியும் அந்தப் பட்டியலில் ஓர் அம்சம்தான்.

வெளியே அனுப்ப மறுத்தால், மெக்கானிக்கை அங்கேயே அழைத்து வருகிறேன் என்று சொல்லுங்கள். கதவு, பானட் ஆகியவற்றின் விளிம்பு இடைவெளிகள் சீராக உள்ளனவா, ரப்பர் பட்டைகளின் மேல் பெயிண்ட் தெறித்திருக்கிறதா, போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பு துருப்பிடித்திருக்கிறதா என்பதையெல்லாம் தேர்ந்த கண் சிறிது நேரத்தில் பார்த்துவிடும். விபத்தில் சிக்கியதும் வெள்ளத்தில் மூழ்கியதும் இங்கேதான் தெரியவரும். அதற்கும் மறுத்தால், அந்த மறுப்பையே காரைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேரமே இல்லாத, ஒரே விலை சொல்லும் விற்பனை நிலையங்கள் வந்திருக்கின்றன. பேரம் பேசத் தெரிந்தவருக்கு அங்கே நஷ்டம்தானே?

பேரம் பேசத் தெரிந்தவருக்குச் சிறிது நஷ்டம் இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து பேரம் தொடங்குவதில்லை. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் 1991இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதியின் புதிய கார் விற்பனை நிலையங்களுக்கு, ஒரே மாதிரிப் பேசப் பயிற்சி பெற்றவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஒரே பேச்சு, ஒரே உத்தி; ஆனாலும் வெள்ளை இன ஆண்களுக்குச் சொல்லப்பட்டதைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிக விலை சொல்லப்பட்டது. எனக்கு இந்த முடிவு வருத்தம் தருகிறது, வியப்புத் தரவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், “கணவரை அழைத்து வாருங்கள், பேசி முடிக்கலாம்” என்று சொல்லப்பட்ட பெண்களின் கடிதங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே விலை என்பது ஒரு பாதுகாப்பு. எனினும், காரின் விலையில் பேரம் இல்லாத இடத்திலும் எக்ஸ்சேஞ்ச் விலை, கடன் வட்டி, கூடுதல் வாரண்டி ஆகியவற்றில் விற்பவருக்கு இடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு பயன்படுத்திய கார் விற்பனையாளன். உங்களைப் போன்றவர்கள் எங்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்களாகவே எழுதுகிறீர்கள். எங்கள் செலவுகளும் இலக்குகளும் யாருக்கும் தெரிவதில்லை.

உங்கள் கடிதத்துக்கு நன்றி. காரை வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள தொகை முழுவதும் லாபம் அல்ல என்பது உண்மை. டயர் மாற்றுவது, டிங்கரிங், பெயிண்ட், இடத்தின் வாடகை, விற்காமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் முடங்கிய முதலுக்கான வட்டி, விற்ற பிறகு திரும்பி வரும் புகார்கள் என எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். நியாயமான லாபத்தை வாங்குபவர் மறுக்கக் கூடாது; ஒரு நல்ல வணிகர், தெரியாத தனிநபரிடம் வாங்கும்போது கிடைக்காத உத்தரவாதத்தைத் தருகிறார்.

நாங்கள் எதிர்ப்பது லாபத்தை அல்ல, அதை எடுக்கும் இடத்தை மறைப்பதை. காரின் விலையில் வெளிப்படையாக எடுக்க முடியாததைக் கடனிலும் கட்டணத்திலும் எடுக்கும் முறையில், அதிகம் இழப்பவர் யார் என்று உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்: நாளை வேலைக்குப் போகக் கார் வேண்டும் என்ற அவசரத்தில் வருபவர், வங்கியில் கடன் மறுக்கப்பட்டவர், ஒப்பந்தத்தின் மொழி புரியாதவர். மாத இலக்கை எட்டாவிட்டால் ஊதியம் குறையும் என்ற அழுத்தத்தில் நிற்கும் விற்பனையாளரின் நிலையும் எங்களுக்குப் புரிகிறது. அந்த ஊதிய முறையை வகுக்கும் முதலாளிகளுக்கும் இந்தப் பதில் உரியது.

கேள்வி: எல்லாவற்றையும் படித்தபோது நான் ஏமாந்துவிட்டேன் என்று தெரிகிறது. வாங்கி இரண்டு மாதமாகிறது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

முதலில் வீட்டில் சொல்லுங்கள். அதை மறைப்பதற்காக, கட்ட முடியாத தவணைக்கு இன்னொரு இடத்தில் கடன் வாங்கும் நிலைக்குப் போனவர்களின் கடிதங்களையும் நாங்கள் படிக்கிறோம். நாள்தோறும் இதையே தொழிலாகச் செய்பவரோடு, வாழ்நாளில் சில முறை மட்டும் கார் வாங்கும் ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு, ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். கூடுதல் வாரண்டி, கடனுக்கான காப்பீடு போன்றவை நீங்கள் கேட்காமலே சேர்க்கப்பட்டிருந்தால், அவற்றைத் தனியே ரத்து செய்து மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெறப் பல ஒப்பந்தங்களில் வழி இருக்கும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை குறையும் என்பதால் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான அபராதம் எவ்வளவு என்று பார்த்து, அதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் வேறு வங்கியில் வட்டி குறைவாக இருந்தால் கடனை அங்கே மாற்றுங்கள். காலத்தை நீட்டாமல், மீதமுள்ள மாதங்களுக்கே மாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். காரின் நிலை குறித்துச் சொன்னது பொய் என்பதற்கு விளம்பரத்தின் நகலோ குறுஞ்செய்தியோ மெக்கானிக்கின் அறிக்கையோ இருந்தால், எதையும் அழிக்காமல் தேதி வாரியாக அடுக்கி, முதலில் விற்பனை நிலையத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் அதே தாள்களுடன் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுங்கள்.